சொந்த வாக்கு

அத்தியாயம் 11

என்னிடம் இவர் கடைசியாக இப்படி எப்போது சிரித்தார்?

ஆறு நாளாகப் பெரியவளுக்கு இதே கேள்விதான். பல் தேய்க்கும்போது வருகிறது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது வருகிறது. ஆபீஸ் மாடிப்படியில் கூடவே ஏறி வருகிறது. பதில் மட்டும் வந்தபாடில்லை.

சிரிப்பு என்றால் ஏதோ உதட்டோடு நின்ற சிரிப்பில்லை. போன வியாழக்கிழமை மூன்றாம் எண் அறையிலிருந்து, பலகைத் தடுப்பைத் தாண்டி வந்தது. வயிற்றிலிருந்து கிளம்பி, மூச்சு வாங்கி, அடங்கிவிட்டது என்று நினைத்தபோது மறுபடி தொடங்கிய சிரிப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் அவளுடைய கணவர். அவருக்கு எதிரே அவளுடைய ஓரகத்தி, கணவரின் தம்பி மனைவி. இந்தப் பக்கம் மூடி திறந்த பேனாவோடு இவள்.

பெரிய மருமகள், சின்ன மருமகள் என்று வீட்டில் தொடங்கியது சுருங்கிப் பெரியவள், சின்னவள் என்று நின்றுவிட்டது. ஆபீஸிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

வேலை போனவர்களை அடுத்த வேலையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த ஆபீஸின் தொழில். ஆட்களை நிறுத்தும் கம்பெனிகளே இவர்களைத் தேடி வரும். எங்களால் வைத்துக்கொள்ள முடியவில்லை, எங்கேயாவது சேர்த்துவிடுங்கள் என்று பட்டியலை நீட்டும். கண்ணாடித் தொழிற்சாலை தன் இரண்டாவது உலையை அணைத்து அறுபத்து நான்கு பேரை வீட்டுக்கு அனுப்பியபோதும் பட்டியல் வந்தது. அதில் நாற்பத்தொன்றாவது பெயர் அவளுடைய கணவருடையது. அது நடந்து ஐந்து வாரம் ஆகிறது.

சொந்தக்காரர் ஃபைலைத் தொடக் கூடாது என்று விதி. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் என்று வரிசையாக எழுதியிருந்தது. கணவரின் தம்பி மனைவி என்று எழுதவில்லை. எழுத வேண்டும் என்று அப்போது பெரியவளுக்குத் தோன்றவில்லை. அந்த விதியை எழுதியவள் அவள்தான்.

சின்னவளை இரண்டு வருடத்துக்கு முன் இந்த ஆபீஸுக்குக் கூட்டி வந்ததும் அவள்தான். யாரை நொந்துகொள்வது?

இந்தப் புதன்கிழமை காலை முதல் ஆளாக வந்தது அதே தொழிற்சாலையில் பாட்டில் பிரிவில் பதினாறு வருடம் இருந்த ஒரு அம்மாள். கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். எந்த நேரமும் யாராவது எழுந்திருக்கச் சொல்வார்கள் என்பது போல.

"என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டாள் பெரியவள்.

"பெரிசா ஒண்ணும் இல்லைங்க. பாட்டில் வரும். பார்ப்பேன்."

"எப்படிப் பார்ப்பீங்க?"

"சும்மா பார்ப்பேன். லைட்டுக்கு முன்னாடி ஓடும். கீறல் இருந்தா எடுத்துப் போடுவேன்."

பெரியவள் காகிதத்தின் ஓரத்தில் ஒரு கோடு போட்டாள்.

"நிமிஷத்துக்கு எத்தனை ஓடும்?"

"நூத்தி இருபது இருக்கும்."

"நூத்தி இருபதுல ஒண்ணுல கீறல் இருந்தாலும் உங்க கண்ணுல பட்டுடுமா?"

"படாம எங்க போகும்? பக்கத்துல இருக்கிறவகிட்ட அவ மாமியார் கதையைக் கேட்டுக்கிட்டேதான் எடுப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, சும்மா சூப்பர்வைசர்கிட்ட சொல்வேன். மூணாம் நம்பர் அச்சு தேஞ்சிருக்கு, மாத்துங்கன்னு."

இரண்டாவது கோடு.

"எந்த அச்சுன்னு எப்படித் தெரியும்?"

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கீறல் எந்தப் பக்கம் விழுந்திருக்குன்னு பார்த்தாத் தெரியாதா? என்னங்க, இவ்வளவு படிச்சிருக்கீங்க."

பெரியவள் சிரித்துவிட்டாள். ஆறு நாளில் முதல் முறை.

அந்தக் கோடு அவள் கண்டுபிடித்த வழி. வேலை போனவர்கள் தங்கள் கெட்டிக்காரத்தனத்தை அந்தப் பெயரால் சொல்வதே இல்லை. சும்மா என்பார்கள். சும்மா பார்ப்பேன், சும்மா சொல்வேன், சும்மா கூட நிப்பேன். அந்தச் சொல் விழுகிற இடத்தில் பேச்சை நிறுத்தி, மெல்ல உள்ளே போனால், எதற்காக அவர்களை இத்தனை வருடம் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள் என்பது வெளியே வரும். ஒவ்வொரு சும்மாவுக்கும் ஒரு கோடு. எல்லாம் சேர்ந்ததும் ஒரே ஒரு பக்கம் எழுத வேண்டும். கடைசிப் பத்தி மட்டும் அவர்கள் வாயிலிருந்து வந்தபடியே, ஒரு எழுத்தும் திருத்தாமல் இருக்கும். சொந்த வாக்கு என்று அதற்கு ஆபீஸில் பெயர். வேலை கொடுப்பவர்கள் மேலே உள்ளதை மேய்ந்துவிட்டு அந்தப் பத்தியில்தான் நிற்பார்கள். பெரியவளும் எந்தப் பக்கம் கைக்கு வந்தாலும் முதலில் கடைசிப் பத்திக்குத்தான் போவாள்.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் சின்னவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். டப்பாவைத் திறக்கும் முன்பே பேச்சைத் திறந்தாள்.

"மாமா ஃபைல் முடிஞ்சிடுச்சுக்கா. இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும். பராமரிப்பு மேற்பார்வையாளர் வேலை. நாலரைதான் கடைசி நேரம்."

"ம்."

"அங்க அஞ்சு பேரைத்தான் கூப்பிடப் போறாங்க. நாப்பது பேர் எழுதியிருக்காங்களாம். இது போச்சுன்னா அவர் வயசுக்கும் வேலைக்கும் சேர்ந்த மாதிரி இந்த ஊர்ல வேற இடம் இல்லைக்கா. நான் எல்லா இடமும் தேடிட்டேன்."

அது பெரியவளுக்கும் தெரியும். அவளும் விதிக்கு வெளியே, பின்வாசல் வழியாக எல்லா இடமும் தேடிப் பார்த்துவிட்டாள். தேடியதைச் சொல்லத்தான் முடியாது.

"பேசினாரா?" என்று கேட்டாள். சாதாரணமாகக் கேட்பதாகத்தான் நினைத்தாள்.

"பேசினாராவா? நிறுத்த முடியலைக்கா. நான் இத்தனை நாள் மாமாவை ஊமைச்சாமின்னு நினைச்சிருந்தேன். எத்தனை சும்மா தெரியுமா? இருபத்து மூணு."

பெரியவளின் கை டப்பாவுக்குள் நின்றது. அவள் எடுத்ததிலேயே அதிகம் பதினெட்டு.

"எல்லாம் நீங்க சொல்லிக் கொடுத்ததுதான்க்கா," என்றாள் சின்னவள். "சும்மான்னு சொன்னதும் நிறுத்திட்டு, அவர் கண்ணையே பார்த்தேன். நீங்களும் என் கண்ணைப் பார்த்துப் பேசுங்க மாமான்னேன். முதல்ல கூச்சப்பட்டார். அப்புறம் பழகிட்டார்."

பழகிட்டார். அந்த ஒரு சொல்லோடு பெரியவள் டப்பாவை மூடினாள்.

சின்னவள் பொல்லாதவளாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். வெறுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். அவள் நல்லவள். தன் டப்பாவிலிருந்து பாதியைக் கேட்காமலே இவள் டப்பாவுக்குள் தள்ளுகிறவள். இவள் சொல்லிக் கொடுத்ததை இவளைவிட நன்றாகச் செய்கிறவள். அப்படிப்பட்டவள் மேல் வருகிற வயிற்றெரிச்சலை எங்கே கொண்டுபோய் வைப்பது? வெளியில் சொன்னால் கேட்கிறவர்கள் இவளைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

இன்னொன்றும் இருந்தது. அது சின்னவளைச் சேர்ந்ததுகூட இல்லை. வீட்டில் அவர் சொல்லாத சும்மாவா? மேசையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருப்பார். என்னங்க யோசனை என்று கேட்பாள். சும்மாதான் என்பார். இவள் சரி என்று உள்ளே போய்விடுவாள். ஊரில் இருக்கிறவர்களின் சும்மாவுக்கெல்லாம் கோடு போட்டவள், பத்தொன்பது வருடத்தில் அந்த ஒரு சும்மாவில் நின்றதே இல்லை. சின்னவள் நின்றிருக்கிறாள்.

மூன்றே முக்காலுக்கு மேலாளரிடமிருந்து போன் வந்தது. வேறொரு கம்பெனியின் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் ஃபைல் என் மேசையில நிக்குது. நான் பார்த்து அனுப்ப வேண்டியது. இங்க விட மாட்டேங்கிறாங்க. சின்னவங்க எங்க?"

"இன்டர்வியூ ஒத்திகை அறையில இருக்கா. அஞ்சு மணி வரைக்கும் ஆள் இருக்கு."

"அப்போ நீங்களே என் கம்ப்யூட்டர்லேருந்து தட்டி விட்டுடுங்க. படிக்காதீங்க, விதி இருக்கு. சும்மா பட்டனை அமுக்கினாப் போதும்."

சரி என்றாள்.

மேலாளரின் அறையில் யாரும் இல்லை. திரையில் அவருக்காக எழுதிய அந்த ஒரு பக்கம் திறந்தே இருந்தது. பட்டனை அமுக்குவதற்கு ஒரு நொடி போதும். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, படிக்கத்தான் உட்காருகிறோம் என்று.

பழக்கம் கண்ணைக் கீழே இழுத்துக்கொண்டு போனது. கடைசிப் பத்தி.

'பத்தொன்பது வருஷமா அவகூடத்தான். அவ சத்தம் கொஞ்சம் மாறினாலும் எனக்கு வயித்துக்குள்ள தெரிஞ்சுடும். மத்தவங்க ஒண்ணுமில்லைம்பாங்க. நான் போய் சும்மா பக்கத்துல நிப்பேன். உடனே கை வைக்க மாட்டேன். முதல்ல கேட்பேன். எங்க நோகுதுன்னு அவளே சொல்லிடுவா. அவ அடங்குற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். இத்தனை வருஷத்துல ஒரு நாளும் அவ என்னை நடுவுல விட்டதில்லை.'

பெரியவள் இரண்டு முறை படித்தாள்.

பத்தொன்பது வருஷம். திருமணமாகிப் பத்தொன்பது வருடம்.

கன்னத்தில் சூடு ஏறியது. அறைக்கு வெளியே யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். அப்படியா? அவளுடைய கோப நாள்களில் பக்கத்தில் வந்து பேசாமல் நிற்பாரே, அதுவா? இந்த மனுஷனுக்கு வாயே கிடையாது, மரம் மாதிரி வந்து நிற்கிறார் என்று எத்தனை தடவை மனதுக்குள் பொரிந்திருக்கிறாள். கேட்டுக்கொண்டா நின்றார்?

அந்தச் சந்தோஷம் அரை நிமிடம் இருந்திருக்கும்.

அதற்குள் இன்னொன்று அதன் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றது. இதைச் சின்னவளிடம் சொல்லியிருக்கிறார். கண்ணைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். எனக்கு வந்த கடிதத்தை அவள் பிரித்துப் படித்துவிட்டு, தட்டச்சும் செய்து, ஆஸ்பத்திரிக்கும் ஒரு பிரதி அனுப்பப் போகிறாள். அன்றைக்குச் சிரித்தது இதைச் சொல்லிவிட்டுத்தானா? என் சத்தத்தைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்களா?

மணி நாலு பத்து.

காரணம் கைவசம் தயாராக இருந்தது. காரணங்கள் எப்போதும் அவளுக்குச் சீக்கிரம் கிடைக்கும். குடும்ப விஷயத்தை வேலை கொடுக்கிறவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? பெண்டாட்டியின் கோபத்தைப் பற்றி ஆஸ்பத்திரிக்கு என்ன? சின்னவளுக்கு இன்னும் அனுபவம் போதாது. வேறு யார் ஃபைலாக இருந்தாலும் இதை எடுத்துத்தான் இருப்பேன்.

அவள் பத்தியை அழித்தாள். பக்கத்தின் கீழே வெள்ளையாக நாலு விரல் இடம் விழுந்தது. மேலே இருந்ததைப் படிக்கவில்லை. படிக்க என்ன இருக்கிறது, அவருடைய படிப்பும் வயதும் அவளுக்குத் தெரியாதா?

பட்டனை அமுக்கினாள். போய்விட்டது.

அவள் மேசைக்குத் திரும்பி, பாட்டில் பிரிவு அம்மாளின் பக்கத்தை எழுத ஆரம்பித்தாள். எழுத்து நன்றாகவே வந்தது. மனதுக்குள் ஏதோ நேராகிவிட்ட மாதிரிகூட இருந்தது.

ஐந்துக்குச் சின்னவள் வந்தாள். கையில் ஆஸ்பத்திரிக்குப் போன பக்கத்தின் பிரதி, மேலாளரின் அறையில் அச்செடுத்த தாள்.

"அக்கா, மாமாவோட சொந்த வாக்கு எங்க?"

"எடுத்துட்டேன்."

"நீங்களா?" அவள் குரலில் குற்றம் இல்லை. ஆச்சரியம்தான். "நீங்க படிச்சீங்களா?"

"கண்ணுல பட்டுது. குடும்ப விஷயம் அது. ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு எதுக்கு?"

சின்னவள் தாளைப் பார்த்தாள். பெரியவளைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

"எது அக்கா குடும்ப விஷயம்?"

"அதான். பத்தொன்பது வருஷம், அது இதுன்னு."

"அது கம்ப்ரஸர்க்கா."

பெரியவளுக்குப் புரியவில்லை. புரியாத மாதிரி இருந்தாள் என்பதுதான் சரி.

"உலைக்குக் காத்து அனுப்புமே, அந்தப் பெரிய மெஷின். அங்க எல்லாரும் அதை 'அவ', 'இவ'ன்னுதான் சொல்வாங்களாம். மகராசின்னு பேர் வேற. மாமாவுக்குக் கல்யாணம் ஆன அதே வருஷம் வந்த மெஷினாம். ரெண்டு மகராசிகிட்டயும் ஒரே வருஷத்துல மாட்டினேன்னு சொன்னார், எனக்குச் சிரிப்பு தாங்கலை, அவருக்கும்..." சின்னவள் பாதியில் நிறுத்தினாள். "மேல் வரியிலயே எழுதியிருந்தேனேக்கா. கம்ப்ரஸர் பராமரிப்பு, பத்தொன்பது ஆண்டுன்னு. அதுக்கு அடுத்ததா இது வந்ததுனால மெஷின் பேரைத் திருப்பிப் போடலை."

மேல் வரி. பெரியவள் படிக்காத வரி.

பெரியவள் மேசை மேல் இருந்த பென்சிலை எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். மெஷின். ஒரு இரும்புப் பெட்டி. அதன் பக்கத்தில் போய் நின்றிருக்கிறார். அதற்கு எங்கே நோகிறது என்று கேட்டிருக்கிறார். அது அடங்கும்வரை நகராமல் இருந்திருக்கிறார். அந்த இரும்பின் மேல் தனக்குள் கிளம்பியது என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததனால் இன்னும் கூசியது.

சின்னவளின் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏதோ தெளிந்துகொண்டு வந்தது. அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, தாளின் மூலையை மடித்து, நீவி, மறுபடி மடித்தாள். இரக்கப்படுகிறாள் என்று பெரியவளுக்குத் தெரிந்தது.

"அக்கா," என்றாள் மெதுவாக. "அந்த ஆஸ்பத்திரியில மூணு கம்ப்ரஸர் இருக்கு. ஆபரேஷன் அறைக்கெல்லாம் காத்து அதுலேருந்துதான். போன மாசம் ஒண்ணு திடீர்னு நின்னுபோய், பெரிய கலவரமாம். நிக்கிறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்கிற ஆள் வேணும்னுதான் என்ஜினியர் சொன்னார். அந்தப் பத்திக்காகத்தான் நான் இந்த ஃபைலையே நம்பியிருந்தேன்."

பெரியவள் அந்தத் தாளை வாங்கி, கீழே இருந்த வெள்ளை இடத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணு பண்ணலாம். நான் டைப் அடிக்கிறப்போ விட்டுப்போச்சுன்னு என்ஜினியருக்கு போன் பண்ணிச் சொல்லிடறேன். மேலாளருக்கும் அப்படியே சொல்லிக்கலாம். நீங்க இதுல வர வேண்டாம். நாம ரெண்டு பேர்தானே, யாருக்குத் தெரியப் போகுது?"

எவ்வளவு அழகாகக் கொடுக்கிறாள். டப்பாவிலிருந்து பாதியைத் தள்ளுகிற மாதிரியே, பழியையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள்.

"போனை இப்படிக் கொடு," என்றாள் பெரியவள்.

ஆஸ்பத்திரி என்ஜினியர் போன் நாலாவது முறை அடித்தபோது எடுத்தார். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் இரைச்சல்.

"உங்க ஆபீஸ்லேருந்து தாள் வந்தது. பார்த்துட்டேன்," என்றார். "கீழே காலியா இருந்துது. உங்க ஆபீஸ் தாள்ல அந்தக் கடைசிப் பத்திதானே விசேஷம், இந்த ஆளுக்குச் சொல்ல ஒண்ணும் இல்லை போலிருக்குன்னு நினைச்சேன்."

"இருந்துதுங்க. நான்தான் எடுத்துட்டேன். என் தப்பு."

"ஏன் எடுத்தீங்க?"

சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

"அதுல தப்பாப் புரிஞ்சுக்க என்ன இருக்கு?"

"அனுப்பறேன். நீங்களே பாருங்க."

அந்தப் பக்கத்தில் ஒரு பெருமூச்சு. "அஞ்சு பேரை எடுத்து மேலே கொடுத்துட்டேம்மா. அனுப்புங்க, பார்க்கிறேன். மாத்த முடியும்னு சொல்ல மாட்டேன். கூப்பிடுறதா இருந்தா நாளைக்குக் காலையில எட்டு மணிக்குள்ள போன் வரும். வரலைன்னா வரலை."

பத்தியைத் திரும்ப வைத்து அனுப்புவதற்குச் சின்னவள் உட்கார்ந்தாள். அவள் விரல்கள் அந்த வரிகளை ஒன்றைக்கூடப் பார்க்காமல் அடித்தன. மனப்பாடம் ஆகியிருந்தது. பெரியவள் அதையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஆறரை. கதவைத் திறந்தது மகள். பன்னிரண்டாம் வகுப்பு, வாய் மட்டும் அதற்கு மேலே.

"அம்மா, அப்பா அரை மணி நேரமா கண்ணாடியை இன்டர்வியூ பண்ணிக்கிட்டு இருக்கார். கண்ணாடிக்கு வேலை கிடைச்சுடும் போல."

"போய்ப் படி."

"அப்பாகிட்ட சொல்லு. நான் படிச்சா அவருக்குத் தொந்தரவாம். அவர் சத்தம் எனக்குத் தொந்தரவு இல்லையாம்." சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கணவர் கூடத்தில் இருந்தார். நல்ல சட்டையைத் தேய்த்து நாற்காலி முதுகில் தொங்கவிட்டிருந்தார். ஷூ பளபளத்தது. ஐந்து வாரமாக அந்த முதுகில் இருந்த கூனல் இன்று இல்லை. பெரியவள் அதைக் கவனித்தாள். அதை யார் நிமிர்த்தியது என்பதையும் சேர்த்துத்தான் அவளால் கவனிக்க முடிந்தது.

"வந்துட்டியா? போன் இன்னும் வரலை. அஞ்சரைக்குள்ள வரும்னு சொன்னா," என்றார்.

"நாளைக்குக் காலையில வரலாம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பொதுவா அப்படித்தான்."

பொய் இல்லை. ஆனால் சொல்ல வேண்டியதும் அது இல்லை. இப்போதே சொல்லிவிடலாம். உங்கள் ஃபைலில் நான் கை வைத்தேன், அதனால் நீங்கள் அந்த ஐந்து பேரில் இல்லாமல் போயிருக்கலாம். ஏன் கை வைத்தாய் என்று கேட்பார். கோபப்பட மாட்டார், கேட்பார். அதற்கு என்ன சொல்வது? அந்த 'அவ' நான் என்று நினைத்துக்கொண்டேன் என்றா?

"சரி, வராட்டியும் தயாரா இருக்கணும்ல," என்று அவர் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். "கொஞ்சம் உட்காரேன். ஒரு வேலை இருக்கு."

"என்ன?"

"இப்போதான் சின்னவ போன் பண்ணினா. கடைசிப் பத்தியை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கணுமாம். கண்ணாடியெல்லாம் வேலைக்கு ஆகாதாம். அக்காகிட்ட சொல்லுங்க மாமா, அவங்க கேட்கிற மாதிரி யாராலயும் கேட்க முடியாதுன்னா."

இப்போதான் என்றால் இவள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது. நல்லதுக்குத்தான் சொன்னாளா? இல்லை, உள்ளே எங்கேயோ அவளுக்கும் ஒரு சின்னச் சிரிப்பு மிச்சம் இருந்ததா? அதை இனி யாரிடம் கேட்டாலும் தெரியப்போவதில்லை.

"வேற என்ன சொன்னா?" என்றாள்.

"வேற என்ன? ஒண்ணும் சொல்லலையே." அவர் நாற்காலியை அவளுக்கு எதிரே இழுத்துப் போட்டார். முழங்கால் முழங்காலில் இடிக்கும் தூரம். "கண்ணைப் பார்த்துச் சொல்லணும். அதுதான் எனக்கு வராது. அவகிட்ட எப்படியோ வந்துடுச்சு. உன்கிட்டயும் வந்துட்டா, நாளைக்கு யார் முன்னாடியும் வந்துடும்."

தாளைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். நிமிர்ந்தார். பத்தொன்பது வருடத்தில் எந்த நாளும் பார்க்காத மாதிரி, நேராக, இமைக்காமல், அவள் கண்ணைப் பார்த்தார்.

"பத்தொன்பது வருஷமா அவகூடத்தான்," என்று ஆரம்பித்தார். "அவ சத்தம் கொஞ்சம் மாறினாலும் எனக்கு வயித்துக்குள்ள..."

"வேண்டாங்க."

அவர் நிறுத்தினார். "ஏன், வேகமாச் சொல்றேனா?"

"இல்லை. நல்லாத்தான் சொல்றீங்க."

"நல்லா இருந்தா முழுசாக் கேளேன். ரெண்டு நிமிஷம்தான்."

பெரியவள் எழுந்தாள். அவர் மடியிலிருந்த தாளை எடுத்து, தொங்கிய சட்டையின் பையில் கசங்காமல் வைத்தாள்.

"மத்த கேள்வியெல்லாம் நான் கேட்கிறேன். எத்தனை தடவை வேணாலும் கேட்கிறேன்," என்றாள். "இதை மட்டும் என்கிட்ட சொல்லிப் பார்க்க வேண்டாம்."